இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஜூஸா?

மயிலாப்பூர், சென்னை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உடம்பு இளைப்பதற்காக இரவில் சமைக்கும் முழுக் கோதுமைப் பாஸ்தாவை நிறுத்திவிட்டு, ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சு ஜூஸோடு படுத்துவிடப் போவதாக நீ அம்மாவிடம் சொன்னாயாம். பாஸ்தா வெறும் மாவு, ஜூஸ் பழம்தானே என்பது உன் எண்ணமாக இருக்கும். முடிவெடுக்கும் முன் சில எண்களைப் பார்த்துவிடு.

250 மில்லி ஆரஞ்சு ஜூஸில், தனியாகச் சர்க்கரை சேர்க்காவிட்டாலும், ஏறக்குறைய 110 கலோரியும் 20 கிராமுக்குச் சற்று மேற்பட்ட சர்க்கரையும் உள்ளன. புரதம் 2 கிராமைத் தாண்டாது, நார்ச்சத்து அரை கிராம் அளவுதான். வேகவைத்த முழுக் கோதுமைப் பாஸ்தா ஒரு கப், அதாவது 140 கிராம், 175 முதல் 200 கலோரி வரை தரும். ஆனால் அதில் 7 கிராமுக்கு மேல் புரதமும், 5 கிராம் அளவுக்கு நார்ச்சத்தும் உண்டு, சர்க்கரை மிகக் குறைவு. கலோரியில் நீ மிச்சப்படுத்துவது நூறுக்குள். பசியோ பத்து மணிக்கே திரும்பி வந்து பிஸ்கட் டப்பாவைத் திறக்கவைக்கும்.

பழத்தைப் பிழியும்போது நார் பெரும்பாலும் சக்கையோடு போய்விடுவதால், மெல்லாமலேயே இரண்டு மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே மூச்சில் உள்ளே இறங்கிவிடுகிறது. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையை, குறைக்க வேண்டிய சர்க்கரையின் கணக்கில் சேர்க்காத உலக சுகாதார நிறுவனம், 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஜூஸின் சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்த்திருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெட்டியில் அடைத்து வரும் ஜூஸை நம்பியும் வாங்காதே: அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிப்பவற்றின் மேல் ‘100% பழச்சாறு’ என்று அச்சிடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. நம் ஊர் ஜூஸ் கடைகளிலும், ‘சர்க்கரை வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லாவிட்டால், சாத்துக்குடியோடு ஒரு கரண்டி ஜீனி விழுந்துவிடும் என்பது உனக்கே தெரியும்.

ஜூஸை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு நாளுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே வைட்டமின் சி அதில் இருக்கிறது. பாஸ்தாவில் அது கிடையாது. கோதுமையின் தவிட்டில் இயற்கையாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள், அதே கோதுமையின் இரும்புச் சத்தை உடம்பு முழுமையாக ஏற்கவிடாமல் தடுக்கும். வைட்டமின் சி அந்தத் தடையைத் தளர்த்தும். ஆகவே பாஸ்தாவில் முருங்கைக் கீரையோ பீன்ஸோ, ஒரு பிடி வெந்த கொண்டைக்கடலையோ போட்டு, அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடு. ஆரஞ்சு வேண்டுமென்றால் உரித்து, சுளைசுளையாகத் தின்னு. அளவு மட்டும் ஒரு கப்போடு நிற்கட்டும். வெண்ணெயும் சீஸும் அள்ளிப் போட்டால் நான் சொன்ன எந்த எண்ணும் பொருந்தாது.

கடையில் பாஸ்தாவின் பழுப்பு நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. பொருட்களின் பட்டியலில் முதலில் வருவதுதான் எடையில் அதிகம். அங்கே ‘டியூரம் வீட் செமோலினா’ என்று மட்டும் இருந்தால் அது தவிடு நீக்கிய ரவை, ‘ஹோல் வீட்’ என்ற சொல் முதலில் இருக்க வேண்டும். இப்போது உன்னிடம் இருக்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அம்மாவின் எண்ணுக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா