இல்லாத விமானத்துக்கு 43 நிமிடம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மதுரை – கோவை விமானப் பயண நேரம் என்று உங்கள் டிக்கெட் முன்பதிவு இணையதளத்தில் போட்டிருக்கும் தவறான தகவல்

ஐயா / அம்மையீர்,

கோவையில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. மூட்டுவலிக்கார அம்மாவை ஐந்து மணி நேரம் ரயிலில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் தளத்தின் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. ‘மதுரை – கோயம்புத்தூர்: தூரம் 175 கி.மீ., விமானப் பயண நேரம் 43 நிமிடம்.’ அதற்குக் கீழேயே பச்சை நிறத்தில் ‘முன்பதிவு செய்க’ பொத்தான். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அப்போ வழியில பழனி மலையைப் பாத்துக் கும்பிட முடியாதே” என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே குறை. அன்றைக்கே ரயில் டிக்கெட் இரண்டையும் ரத்து செய்துவிட்டேன்.

அவசரப்பட்டது என் தப்புதான். ராத்திரி பொத்தானை அழுத்தினால், மதுரையிலிருந்து சென்னை, அங்கே காத்திருந்து இன்னொரு விமானத்தில் கோவை. மொத்தம் 5 மணி 50 நிமிடம். முன்னும் பின்னும் நாலைந்து தேதிகளைப் போட்டுப் பார்த்தேன். நேரடி விமானம் ஒன்றுகூட இல்லை. திரும்ப ரயிலுக்கு வந்தால் வெயிட்டிங் லிஸ்ட்.

உங்கள் உதவி மையத்தில் பேசிய பெண், “சார், அது தோராயமான நேரம்” என்றார். தோராயம் என்றால் 43 என்று போட்டு 50 ஆவது. பாவம், எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தார்; அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

இந்த 43 எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மதுரை விமான நிலையத்திலிருந்து கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் சுமார் 175 கி.மீ. அதை ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 13 நிமிடம். ஏற, இறங்க ஓர் அரை மணி. சரியாக 43! இவ்வளவு கிட்டத்தில் எந்த ஜெட்டும் அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும், அது போகட்டும். நீங்கள் விற்கும் டிக்கெட்டில் மதுரை–சென்னை சுமார் 415, சென்னை–கோவை சுமார் 405, ஆக 820 கி.மீ. பறக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. கோடு போட்ட கம்ப்யூட்டருக்கு அந்தக் கோட்டில் விமானம் ஓடுகிறதா என்று தெரியாது. பக்கத்தை வெளியிட்ட உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் 4,200 ரூபாய்க்கு டாக்சி. டிரைவர் தாராபுரம் வழியாகப் போனதால் அம்மாவுக்குப் பழனியும் இல்லை.

டாக்சிக் காசை நான் கேட்கவில்லை. ரயில் டிக்கெட் ரத்துக்குப் பிடித்த 120 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அப்புறம், நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கெல்லாம் அந்த நிமிடக் கணக்கை எடுத்துவிட்டு, ‘நேரடி விமானம் இல்லை’ என்று பொத்தானுக்கு மேலே பெரிய எழுத்தில் போடுங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
மதுரை வாடிக்கையாளர்

இணைப்பு: அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ரயில் டிக்கெட் ரத்து ரசீது