கபுக்கல்லும் கருங்கல்லும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருந்து வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

பாறைகளைப் பற்றி அறிய விரும்பி நாம் சேர்ந்த இந்த வட்டம் இவ்வாண்டு பூரணைப் போயா தினங்களில் 9 தடவை கூடியது. 3 தடவை மழை எங்களை வீட்டிலேயே நிறுத்திவிட்டது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார், சந்தா விபரமும் அவரிடமே.

முதல் கூட்டம் எங்கள் ஒழுங்கையிலேயே நடந்தது. தொடர்மாடி கட்டுவதற்காகப் பழைய வீடொன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். மேசன் பாஸிடம் கேட்டு ஒரு கபுக்கல்லை, அதாவது சுவர் கட்ட வெட்டியெடுக்கும் செந்நிறக் கல்லை, வாங்கி உடைத்தோம். உள்ளே தேன்கூடு மாதிரித் துளைகள், துளைகளுக்குள் வெள்ளைக் களி. நகத்தால் சுரண்ட மாவாக உதிர்ந்தது. உருமாறிய கடும்பாறைதான் காலப்போக்கில் இப்படி ஆகியிருக்கிறது. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. பெல்ஸ்பார் கனிமம் வெண்களியாகிறது. கரையக்கூடியதெல்லாம் நீரோடு போக, இரும்பும் அலுமினியமும் எஞ்சுகின்றன. அந்த இரும்புதான் செந்நிறம். நிலத்துக்குள் இருக்கும்போது வெட்ட இலகு, வெளியே எடுத்துக் காயவிட்டால் இறுகிவிடும். பொரலஸ்கமுவையில் தோண்டிய வெண்களியும் மழை செய்த இதே வேலைதான். பாடசாலையில் இதை ‘வானிலையாலழிதல்’ என்று படித்தோம். கொழும்பின் எத்தனையோ பழைய வீடுகளுக்குச் சுவர் தந்ததை அழிதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்கிசையில் கடலுக்குள் நீட்டி நிற்கும் பாறைக்கு 17 பேர் போனோம். அங்கே அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை சொன்ன கணக்கு இன்னும் மனதை விட்டு அகலவில்லை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் உருமாறிய பழம்பாறை. 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி, ‘கொண்டுவானா’ என்ற பெருநிலம் உருவானபோது, அந்தப் பாறை அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்தது. மலைநாட்டுப் பாறைகள் வெந்தது 20 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில். அவை இன்று வெயிலில் நிற்கின்றன என்றால், மேலே இருந்த அவ்வளவும் தேய்ந்து, ஆற்றோடு போய்விட்டது!

ஓகஸ்ட் 22 அன்று ஆனந்த குமாரசுவாமியை நினைவுகூர்ந்தோம். 1877 இல் கொழும்பில் பிறந்தவர். கலை அறிஞராகவே அவரைப் பலரும் அறிவர். இலங்கைக் கனிமவள ஆய்வின் முதல் பணிப்பாளர் அவர் என்பதும், தோரியனைற்று என்ற கனிமத்தைக் கண்டறிந்தவர் அவர் என்பதும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

யாழ்ப்பாணம் போய்வந்த உறுப்பினர் ஒருவர், கிணறு வெட்டியபோது வந்த சுண்ணாம்புக்கல் துண்டைக் கொண்டுவந்தார். மயோசீன் என்னும் பழைய புவியியல் காலத்தில் கடலடியில் படிந்தது. சிப்பியின் தடம் தெளிவாக இருந்தது. வினாகிரி ஒரு சொட்டு விட நுரைத்துப் பொங்கியது. அங்குள்ள நிலாவரை என்ற இயற்கைக் கிணற்றைத் தந்ததும், மெல்லிய அமிலமான மழைநீரில் சுண்ணாம்புக்கல் கரையும் இந்த இயல்புதான்.

கடைசியாக ஒன்று. 29.10.2014 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண்சரிவு மூடியது. எங்கள் உறுப்பினர்கள் பலருக்கு மலையகத்தில் உறவுகள் உண்டு. அந்த நாளைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் நெடுநேரம் யாரும் எழும்பவில்லை. சரிவில் பாறை மக்கி ஆழமான மண்ணாகிறது. அதற்குள் நீர் நிறைந்தால் பாரம் கூடுகிறது, பிடிப்புத் தளர்கிறது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரமும் கம்பமும், திடீரெனக் கிளம்பும் ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குதல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே விலகிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு முன்பே கூட இவை கண்ணில் படலாம்.

வரும் ஆண்டில் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய் இந்த அடையாளங்களைப் படம் வரைந்து விளக்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. தமிழில் நன்றாக எழுதவும் வரையவும் தெரிந்த இருவர் தேவை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள். அந்தக் கபுக்கல் மேசையில் இருக்கிறது, கையில் எடுத்துப் பாருங்கள்.

நன்றி.
செயலாளர்