பாஸ்தியோ பாண்டேக்கு ஒரு வரி போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். அயல்நாடுகளில் ஆட்சிக்கு வந்த இந்திய வம்சாவளியினர் பற்றிய தொடரில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் கரீபியத் தீவு நாடான டிரினிடாட் – டொபாகோவின் பாஸ்தியோ பாண்டேக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: 'முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர், 1995–2001'. தகவல் சரிதான். ஆனால் குவா வடக்குத் தொகுதியின் உறுப்பினராக 1976 முதல் 2010 வரை இருந்தவர் அவர். அதில் பிரதமர் நாற்காலி ஆறு ஆண்டு, பெரும்பகுதி எதிர்வரிசை. அந்தக் காலத்தை விட்டுவிட்டு பாண்டேயைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

1933இல் தெற்கு டிரினிடாடில், பிரின்சஸ் டவுன் பக்கம் பிறந்தவர். கரும்புக்கு எடை போடும் வேலை, பள்ளிக்கூட வாத்தியார் வேலை, கோர்ட்டில் குறிப்பெடுக்கும் வேலை எல்லாம் பார்த்துவிட்டு 1957இல் லண்டனுக்குப் போனார். அங்கே சட்டத்தோடு நாடகமும் பொருளாதாரமும் படித்தார். சில ஆங்கிலப் படங்களில் துண்டு வேடம். காந்தி கொலையைப் பற்றிய படத்திலும் தலைகாட்டியிருக்கிறார். மேடையில் அவர் பேச்சு எடுபட்டதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணமாக இருந்திருக்கும். 1965இல் ஊர் திரும்பி, மறு வருஷமே மார்க்சிய எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் முதலானோரின் தொழிலாளர் விவசாயிகள் கட்சியில் நின்று படுதோல்வி.

கட்டுரையாளர் தவறவிட்ட இடம் இதற்கு அடுத்தது. 1973இல் சர்க்கரைத் தொழிலாளர் சங்கத் தலைமை அவர் கைக்கு வந்தது. அந்த நாட்டில் எண்ணெய் வயலில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளி, கரும்பு வயலில் இந்திய வம்சாவளி. அரசியலும் அந்தக் கோட்டின்படியே பிரிந்து கிடந்தது. பாண்டே, எண்ணெய்த் தொழிலாளர் தலைவர் ஜார்ஜ் வீக்ஸ், போக்குவரத்துத் தொழிலாளர் தலைவர் ஜோ யங், கரும்பு விவசாயிகளின் ரஃபீக் ஷா ஆகிய நால்வரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். 1975 மார்ச் 18 அன்று, சமாதானம், ரொட்டி, நீதி என்ற முழக்கத்தோடு சான் ஃபெர்னாண்டோவிலிருந்து தலைநகருக்கு நடைப்பயணம் கிளம்பினார்கள். ஊர் எல்லையைத் தாண்டவிடவில்லை போலீஸ். கண்ணீர்ப்புகை, தடியடி, கைது. அந்த நாளுக்கு 'ரத்தச் செவ்வாய்' என்றே பெயர். மறு ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய கட்சி 36 இடங்களில் பத்தைப் பிடிக்க, பாண்டே எதிர்க்கட்சித் தலைவரானார். வம்சாவளிப் பெருமைக்காக அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்த மேடையைச் சொல்வதே இல்லை.

அவரை உத்தமராக்கவும் எனக்கு மனமில்லை. 1977இலேயே ஷாவோடு பிளவு. 1986இல் 33 இடங்களை அள்ளிய கூட்டணியில் வெளியுறவு அமைச்சரானார். 1988இல் பிரதமர் ராபின்சன் வெளியேற்றினார். 1989இல் புதுக்கட்சி. சேர்த்த வேகத்திலேயே பிரிகிற சுபாவம். பிரதமரான பிறகு பத்திரிகைகளோடு ஓயாத சண்டை வேறு. 1997இல் இந்தியர் வருகை நாள் கூட்டத்தில் பத்திரிகை நிர்வாகி கென் கார்டனைப் போலி இனவாதி என்று பேசப்போய், அவதூறு வழக்கு அந்த நாட்டுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 2005இல் அங்கேயும் தோற்றார். வக்கீலுக்கு நாக்கில் சனி என்று நாங்கள் பார் ரூமில் சொல்வதுண்டு.

அரசியல் சட்டம் படிக்கிறவர்களுக்கு 1995 தேர்தல் ஒரு விருந்து. இரு பெரிய கட்சிகளுக்கும் 17, 17. டொபாகோவின் இரண்டு இடங்கள் ராபின்சனிடம். அன்று வெளியேற்றிய அதே ராபின்சன் ஆதரவு தர, பாண்டே பிரதமர். 1997இல் பாண்டே தரப்பு ராபின்சனைக் குடியரசுத் தலைவராக்கியது. 2001இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த ரமேஷ் மகராஜ் உள்ளிட்ட மூவர் பாண்டேக்கு எதிராகத் திரும்பிவிட, மறுபடி தேர்தல், 18க்கு 18. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் ராபின்சன். ஒழுக்க, ஆன்மிக விழுமியங்களைக் காரணம் காட்டி டிசம்பர் 24 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பேட்ரிக் மேனிங்கைப் பிரதமராக நியமித்தார். பதவியில் இருப்பவரைத் தொடர விடுவதுதானே மரபு என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அந்த நாடாளுமன்றத்தால் ஒரு சபாநாயகரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. 2002 அக்டோபரில் மீண்டும் தேர்தலுக்குப் போனார்கள். பாண்டே தோற்றார்.

2006இல் லண்டன் வங்கிக் கணக்கைச் சொத்து அறிக்கையில் காட்டாததற்காகத் தண்டனை பெற்று எதிர்க்கட்சித் தலைவர் பதவியை இழந்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறுவிசாரணைக்கு உத்தரவானது. 2010இல் கட்சித் தலைமையைக் கமலா பெர்சாத்-பிசேசரிடம் பறிகொடுத்தார். அவரும் வழக்கறிஞர்தான், சில மாதங்களில் பிரதமராகவும் ஆனார். பாண்டே 2024 ஜனவரி 1 அன்று, 90 வயதில் காலமானார்.

தொடரை நூலாக்கும் எண்ணம் இருந்தால், 1973 முதல் 1976 வரையிலான பாண்டேக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.