மீப்பாய்மத்தில் அணுக்களைப் பங்கு பிரிக்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் திரவ ஹீலியம் பற்றிய கட்டுரை படித்தேன். பாத்திரத்தின் சுவரில் ஹீலியம் தானே ஏறி வழிவதை அழகாக எழுதியிருந்தார்கள். ஆனால், 2.17 கெல்வினுக்குக் (சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) கீழே அது மீப்பாய்மம், அதாவது உராய்வில்லாமல் ஓடும் திரவம், ஆகும்போது அணுக்களில் ஒரு பகுதி உராய்வில்லாமல் ஓடுகிறது, மறுபகுதி சாதாரணத் திரவமாகவே நிற்கிறது என்ற வரி தவறு. என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ பையன்கள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்!

எந்த அணு எந்தப் பகுதி என்று பிரிக்கவே முடியாது. 1941-ல் இந்த இரு பாய்மக் கணக்கைப் போட்ட சோவியத் இயற்பியலாளர் லாந்தாவும் பிரிக்கலாம் என்று சொல்லவில்லை. தனிச்சுழி வெப்பநிலையை (குளிர்ச்சியின் கடைசி எல்லை) நெருங்க நெருங்க திரவம் முழுவதும் மீப்பாய்மமாகிறது. ஆனால் ஒரே குவாண்டம் நிலையில் ஒடுங்கிய அணுக்கள் அப்போதும் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தலையை எண்ணினால் கணக்கு உதைக்கும்.

சரி, வேறு எதை எண்ணுவது? இங்கேதான் எஃபெக்டிவ் ஃபீல்டு தியரி வருகிறது: நுண்விவரங்களை விட்டுவிட்டு, பெரிய அளவில் மிஞ்சும் சில மாறிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் முறை. 2004-ல் காசிமேட்டைத் தாக்கிய சுனாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 மீட்டர் ஆழக் கடலில் அந்த அலை மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று சொல்ல ஆழமும் புவியீர்ப்பும் போதும். நீர் மூலக்கூறு எந்த வடிவம் என்று யாரும் கேட்பதில்லை. நீண்ட அலைகளுக்கு நிறை, உந்தம், ஆற்றல் போன்ற அழியாத சில அளவுகளே மிஞ்சுகின்றன. சமச்சீர்மை (இடமோ திசையோ மாறினாலும் விதி மாறாத தன்மை) அனுமதிக்கும் உறுப்புகளை மட்டும் சமன்பாட்டில் வரிசையாக எழுதி, அவற்றின் கெழுக்களை, அதாவது பெருக்கும் எண்களை, சோதனையில் அளந்துகொள்ளலாம். பாகுநிலை, அதாவது திரவத்தின் உள் உராய்வு, அப்படி வரும் முதல் திருத்தம்.

மீப்பாய்மத்தில் இவற்றோடு குவாண்டம் அலையின் கட்டம் (phase: அலை தன் ஏற்ற இறக்கத்தில் எங்கே இருக்கிறது என்பது) என்று இன்னொரு மாறி சேர்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒன்றால் புதிதாக ஓர் அலையே பிறக்கிறது: வெப்பம் பரவிக் கரையாமல், நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் அலையாக ஓடும். 'இரண்டாம் ஒலி' எனப்படும் இதை 1944-ல் சோவியத் இயற்பியலாளர் பெஷ்கோவ் சோதனையில் பிடித்தார். அலைநீளம் அணுக்களின் இடைவெளி அளவுக்குச் சுருங்கினால் மட்டும் இந்த முறை கைகொடுக்காது.

அடுத்து ஹீலியத்தின் இன்னொரு வகையான, எடை குறைந்த ஹீலியம்-3 பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். 1972-ல் கண்டறிந்த அந்த மீப்பாய்மத்தில் அணுக்கள் ஜோடி சேர்கின்றன, திசை சார்ந்த மாறிகளும் கூடுகின்றன. இதுவரை சொன்ன சாதாரண ஹீலியத்தையும் (ஹீலியம்-4) இதையும் ஒரே கட்டுரையில் கலக்காமல் இருந்தால் என் பையன்கள் பிழைப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ராயபுரம், சென்னை-13