ராத்திரி யோசனையைச் சாயங்காலத்துக்கு மாற்று

கண்ணு,

"கண்டதை யோசிக்காமல் தூங்கு" என்று நான் சொல்லப் போவதில்லை. அது நடக்காத காரியம். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொன்னவர்களைவிட இவர்களுக்கு அதிகமாகவே வந்தது. அதனால் யோசனையை விரட்டாதே. அதற்கு நேரம் குறித்துக் கொடு.

தினமும் ஒரே நேரம், சாயங்காலம் ஆறரை என்று வைத்துக்கொள்; ஒரே நாற்காலி, 20 முதல் 30 நிமிடம். படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும்; கட்டிலில் உட்கார்ந்து செய்யாதே. பகலில் ஒரு கவலை தலைகாட்டினால் சின்ன நோட்டில் நாலு வார்த்தை எழுதி, "ஆறரைக்குப் பார்க்கலாம்" என்று மூடிவிட்டு, கையிலிருந்த வேலைக்குத் திரும்பு. நோட்டு என்றால் காகித நோட்டு. போனைத் திறந்தால் இன்னும் நாலு கவலை சேரும்.

ஆறரைக்கு நோட்டைத் திற. சில வரிகள் அதற்குள் சப்பென்று ஆகியிருக்கும், அடித்துவிடு. மிச்சத்தில் உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரி. கையில் இருப்பதற்கு முதல் அடியை நாளும் நேரமும் போட்டு எழுது. "வேலை மாற வேண்டும்" என்பது அடி இல்லை. "சனிக்கிழமை காலை 10 மணிக்கு பயோடேட்டாவில் கடைசி இரண்டு வருஷத்தைச் சேர்ப்பேன்" என்பதுதான் அடி. கையில் இல்லாததற்கு, அப்படியே நடந்துவிட்டால் என்ன செய்வேன் என்று இரண்டே வரி. அலாரம் அடித்ததும் பாதி யோசனையில் இருந்தாலும் எழுந்துவிடு.

முதல் வாரம் இது தோற்பது போலத்தான் இருக்கும். ஒத்திவைத்த கவலை பத்தே நிமிடத்தில் திரும்பி வரும். அதையும் ஒரு கோடு போட்டு ஒத்திவை. பெரும்பாலும் இது கெட்டுப்போவது வேறொரு இடத்தில்: மனசு லேசாக இருக்கும் நாளில் ஆறரையைத் தவிர்த்துவிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு நீ வராவிட்டால், அடுத்த முறை மனசு உன் வாக்கை நம்பாது.

பத்து நிமிடம் யோசித்தும் ஒரு முடிவோ, புதிதாக ஒரு விவரமோ கிடைக்கவில்லை என்றால் நீ யோசிக்கவில்லை, அரைத்த மாவையே அரைக்கிறாய். அங்கே கேள்வியை மாற்று. "எனக்கு ஏன் இப்படி" என்பதற்குப் பதில் கிடைக்காது. "என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்" என்பதற்குக் கிடைக்கும். சரியாகிவிடும்தானே என்று மூன்று பேரிடம் கேட்பதும் அரைப்பதில் சேர்த்திதான். ஆறுதல் ஒரு மணி நேரம் நிற்கும், பிறகு மனசு நாலாவது ஆளைத் தேடும். என்னிடமும் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் கேட்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுது. 2018-இல் வந்த ஓர் ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சுமார் 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கின வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது படி. கண் சொருகும்போது திரும்பிப் போ. கடிகாரத்தைப் பார்க்காதே. புரண்டுகொண்டே கிடந்தால் கட்டிலைக் கண்டாலே கவலைப்பட உடம்பு பழகிவிடும். மதியத்துக்குமேல் காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும்.

நெஞ்சு படபடத்தால் மூக்கால் 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே, ஐந்து நிமிடம். மூச்சு வெளியேறும்போதுதான் இதயத் துடிப்பு தணியும், அதனால் வெளிமூச்சு நீளமாக இருக்கட்டும். பலமாக இழுத்து இழுத்து விடாதே. கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரக்கும், அதைப் பார்த்து இன்னும் பயப்படுவாய்.

இத்தனையும் செய்தும் பல வாரமாக வேலை, சாப்பாடு, தூக்கம் கெட்டுக்கொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பார். இதற்கென்றே பேச்சு வழியிலான சிகிச்சை இருக்கிறது. உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போ, எனக்கும் போன் பண்ணு. நடு ராத்திரி என்று பார்க்காதே.

அம்மா