சான்றிதழை விலைக்கு வாங்கும் நிலைக்கு மாணவரைத் தள்ளலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் மாணவர்கள் தம் முதல் இன்டர்ன்ஷிப்புக்காக, அதாவது ஒரு நிறுவனத்தில் பெறும் செயல்முறைப் பயிற்சிக்காக, அலையும் அலைச்சலைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில சொல்ல விரும்புகிறேன்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்புக்கு உரிய இடம் கொடுத்து, அதற்கான கிரெடிட்டுகளையும் (பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய மதிப்பு அலகுகளை) ஒதுக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால், பல கல்லூரிகள் சான்றிதழைக் கொண்டுவரும்படி மாணவரிடம் சொல்வதோடு தம் கடமையை முடித்துக்கொள்கின்றன. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாத மாணவர், குறிப்பாகத் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர், வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுகிறார். சில வீடியோக்களைப் பார்த்ததும் சான்றிதழ் வந்துவிடுகிறது. கல்லூரியும் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறது. இந்த வியாபாரம் தழைப்பதற்கு அந்த ஏற்பே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் மின்னியல் மாணவர் ஒரு மாதம் இருந்தால், மோட்டார்களின் வேகத்தை டிரைவ்கள் எனும் மின்னணுக் கருவிகள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதையும், ஓர் இயந்திரம் நின்றால் பராமரிப்புப் பிரிவு எந்த வரிசையில் பழுதைத் தேடுகிறது என்பதையும் நேரில் காண்பார். சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களும் கோவையின் பம்ப் தொழிற்சாலைகளும் இயந்திரவியல் மாணவருக்கு அத்தகைய பள்ளிகளே. இத்தகைய நிறுவனங்கள் பெரும்பாலும் விளம்பரம் செய்வதில்லை. துறைப் பேராசிரியர் ஒருவர் நேரில் சென்று மேலாளரிடம் பேசினால் திறக்கும் கதவு, முகம் தெரியாத மாணவர் அனுப்பும் மின்னஞ்சலுக்கு எளிதில் திறப்பதில்லை. இவர் எங்கள் மாணவர்தான் என்று கல்லூரி எழுதித்தர நிறுவனம் கேட்கும் போனஃபைடு கடிதம்கூட அலுவலக மேசையில் நாள்கணக்கில் தேங்கி, கிடைத்த இடம் கைநழுவிப்போவதும் உண்டு.

ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்களுக்குக் காலம் இன்னும் முக்கியம். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் (முன்னைய அலகாபாத்) ஆகிய ஊர்களில் இயங்கும் மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் தேவை. சென்னை ஐ.ஐ.டி.யும் பிற கல்லூரி மாணவர்களுக்கெனக் கோடைக்கால ஃபெலோஷிப் நடத்துகிறது. ஏப்ரல் தேர்வு முடிந்தபின் தேடத் தொடங்கும் மாணவருக்கு இவை எட்டாதவை. இதை முதலாமாண்டிலேயே சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தாம். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பலரும் இதற்குத் தீர்வாகக் குறிப்பிடுகிறார்கள். ஆனால், 2024-இல் தொடங்கியபோது அது முழுநேரப் படிப்பில் இல்லாத, 21 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்காகவே வகுக்கப்பட்டது.

விண்ணப்பம் எழுதவும் யாரேனும் கற்றுத்தர வேண்டும். ஒரே கடிதத்தை நூறு நிறுவனங்களுக்கு அனுப்புவதைவிட, அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று அறிந்து, தாம் ஆய்வகத்தில் செய்த ஒரு வேலையை அதனுடன் பொருத்திக் காட்டி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர இயலும் என்பதையும் தெளிவாகச் சொல்லும் அரைப்பக்கக் கடிதம் மேலானது. இதற்கு இரண்டு வகுப்புகள் போதும். வேலைவாய்ப்புப் பிரிவு இறுதியாண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எனவே, இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கும் ஒவ்வொரு கல்லூரியும், எத்தனை மாணவருக்குத் தானே இடம் பெற்றுத் தந்தது, எத்தனை பேர் பணம் கட்டிச் சான்றிதழ் பெற்றனர் என்ற இரு விவரங்களையும் ஆண்டுதோறும் வெளியிடுமாறு பல்கலைக்கழகங்கள் உத்தரவிட வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு வழங்கப்படும் சான்றிதழுக்குக் கிரெடிட் இல்லை என்றும் அதே உத்தரவில் அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.