பதிவேட்டுக்காக அல்ல, மறுநாள் பாடத்துக்காக

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், வகுப்புகளைப் பார்வையிட வரும் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் கணிதம் சொல்லித்தரும் ஆசிரியை. உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். பாடத்தின் நடுவே பிள்ளைகளுக்கு என்ன புரிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லாதீர்கள்.

ஏன் என்று சொல்ல, ஒரு நாள் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். தசம எண்களை ஒப்பிடும் பாடம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தேன். 0.45, 0.8 இரண்டில் எது பெரியது, ஏன்? மார்க் கிடையாது, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள் என்றேன். வகுப்பு கலைந்ததும் தாள்களை மேசையில் வைத்துப் பிரித்தேன். 0.45தான் பெரியது என்றவர்கள் ஒரு குவியல். 45, எட்டைவிடப் பெரியது அல்லவா என்பது அவர்கள் கணக்கு. முழு எண்களிலேயே பழகிய கண் அப்படித்தான் பார்க்கும். 0.8 என்று எழுதி, பத்தில் எட்டு, மற்றதில் பத்தில் நான்கும் கொஞ்சமும்தான் என்று காரணம் சொன்னவர்கள் இன்னொரு குவியல். மூன்றாவதாக ஐந்து தாள்கள் மிஞ்சின. அவற்றிலும் விடை 0.8தான். ஆனால் காரணம் வேறு: ‘புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடினால் எண் சின்னதாகிவிடும்.’

நூறில் ஒன்று, பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று நான் சொன்னதை அந்த ஐந்து பேரும் இப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 0.3, 0.57 என்று கேட்டிருந்தால் 0.3தான் பெரியது என்றிருப்பார்கள். விடையை மட்டும் பார்த்து மார்க் போட்டிருந்தால் ஐந்து பேருக்கும் முழு மதிப்பெண் விழுந்திருக்கும். நானும் நிம்மதியாக அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

மறுநாள் பாடத்திட்டப்படி தசமக் கூட்டல். நான் கூட்டலுக்குப் போகவில்லை. மூன்று குவியலிலிருந்தும் ஆள் கலந்து சிறு குழுக்களாக உட்கார வைத்து, 0 முதல் 1 வரை பத்துப் பாகமாக எண்கோடு வரையச் சொன்னேன். 0.3, 0.57 இரண்டையும் குறிக்க வேண்டும். ஒரு பையன் 0.57ஐ 0.3க்கு இடப்பக்கம் குறிக்கப் போனான். “அஞ்சு கோடு தாண்டணும்டா” என்றாள் பக்கத்திலிருந்தவள். பென்சிலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் 0.5க்கும் 0.6க்கும் நடுவே, 0.6ஐ ஒட்டி ஒரு புள்ளி வைத்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் முந்தின நாள் தாள்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன், அவற்றின் வேலை முடிந்துவிட்டது என்று.

சில வாரம் கழித்து வகுப்பைப் பார்வையிட வந்த ஒரு அலுவலர் கேட்ட முதல் கேள்வி, “வளரறி மதிப்பீட்டுப் பதிவேடு எங்கே?” வளரறி மதிப்பீடு என்பது, பாடம் நடக்கும்போதே பிள்ளைகளுக்கு என்ன புரிந்தது என்று பார்ப்பது. அதற்கென்று ஒரு பதிவேடு என்னிடம் இல்லை. மதிப்பீடே நடக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அந்தக் குறிப்பு எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட வலித்தது அதற்குப் பிறகு வகுப்பில் நடந்தது.

அடுத்த பருவம் முழுக்க ஒவ்வொரு துண்டுத்தாளுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று போட்டேன். முதல் வாரத்திலேயே ஒரு பெண் கேட்டாள்: “டீச்சர், இதுக்கு மார்க் உண்டா?” உண்டு என்றேன். உடனே இடது கையை மடக்கித் தாளை மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் புத்தகத்தில் இருந்த வரிகள் அப்படியே வந்தன. பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பது கூடியது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதிய தாள் அந்தப் பருவத்தில் ஒன்றுகூட வரவில்லை. எனக்கு அதிகம் உதவிய தாள்கள் அவைதாம். எங்கே தடுக்கிற்று என்று பிள்ளையே கை நீட்டிக் காட்டும் இடம் அது. பதிவேடு மட்டும் அழகாக நிரம்பியது.

வளரறி, தொகுத்தறி என்ற இந்தப் பிரிவினையை 1967இல் முன்வைத்தவர் தத்துவ அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன். அவர் அப்போது பேசியது பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி. ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்த உதவுவது வளரறி, முடிந்தபின் அது எப்படி என்று தீர்மானிப்பது தொகுத்தறி. கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் இதை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தார். 1998இல் கல்வி ஆய்வாளர்கள் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் சுமார் 250 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வளரறி மதிப்பீடு கற்றலை நன்றாகவே உயர்த்துகிறது என்றார்கள். ஆனால் அதற்கு அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். கிடைத்த தகவலை வைத்துக் கற்பித்தலை மாற்றினால்தான் அது வளரறி மதிப்பீடு. வாரம் ஒரு சின்னத் தேர்வு வைத்து மார்க்கை எழுதி வைப்பது அந்தக் கணக்கில் வராது. அது அடிக்கடி நடக்கும் தொகுத்தறி மதிப்பீடு, அவ்வளவுதான்.

மதிப்பெண்ணோடு குறிப்பும் எழுதிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1988இல் உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் இதையே சோதித்துப் பார்த்தார். ஒரு பகுதி மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பகுதிக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், மூன்றாவது பகுதிக்கு இரண்டும். அடுத்தடுத்த வேலைகளில் முன்னேற்றம் தெரிந்தது குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம். இரண்டும் பெற்றவர்கள் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. மார்க் பக்கத்தில் இருந்தால் குறிப்பைப் படிக்க மனம் போகாது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எந்த வகுப்பில் நின்று பார்த்தாலும் இது தெரியும்: முதலில் தன் மார்க், அடுத்து பக்கத்தில் இருப்பவன் மார்க், அப்புறம் நோட்டு மூடிவிடும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்கிறோம். “புரிஞ்சுது டீச்சர்” என்று வகுப்பே சேர்ந்து பாடுகிறது. அதையே மதிப்பீடாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். கேள்வி கேட்டு, முதலில் கை தூக்கும் அதே நாலு பேரிடம் பதில் வாங்குகிறோம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டுபிடித்தார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். பின் இருக்கையில் நீங்கள் உட்கார்ந்து குறிப்பெடுக்கும்போது இன்னும் நீளம். வகுப்பு மந்தமாகப் போகிறது என்று எழுதிவிடுவீர்களோ என்ற பயத்தில் பதிலை நாங்களே சொல்லிவிடுகிறோம். அந்த மௌனத்துக்கு உங்கள் ஆதரவு எங்களுக்கு வேண்டும்.

பதிவு இல்லாவிட்டால் ஆசிரியர் வேலை செய்தாரா என்று எப்படித் தெரியும் என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். பெற்றோருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். பருவத் தேர்வுகள் இருக்கட்டும், அவற்றின் மதிப்பெண்கள் பதிவேட்டில் இருக்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. அன்றாடக் கேள்விகளை மட்டும் அதிலிருந்து விட்டுவிடுங்கள். வகுப்புக்கு வரும்போது பதிவேட்டுக்குப் பதிலாக, “நேற்று பிள்ளைகளிடமிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள், அதனால் இன்று எதை மாற்றினீர்கள்?” என்று கேளுங்கள். வேலை செய்யாத ஆசிரியரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு பதிவேட்டை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து நிரப்பிவிடலாம், இந்தப் பதிலை அப்படித் தயாரிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு பிள்ளையிடமே கேளுங்கள், நேற்று எங்கே தடுக்கிற்று, இன்று எப்படிச் சரியாயிற்று என்று.

இன்னொன்று, நேரம். தாள்களைப் பார்த்துவிட்டு மறுநாள் பாடத்தை மாற்ற இடமில்லையென்றால், பார்த்தும் பயனில்லை. இத்தனாம் தேதிக்குள் இந்தப் பாடம் என்று நாள்வாரியாகக் கட்டிப்போடும் அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது காலியாக விடுங்கள். அதில் என்ன நடக்கும் என்பதை அந்த வாரம் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பது முடிவு செய்யட்டும்.

அடுத்த பருவத்தில் ஒரே ஒரு வகுப்பில், ஒரே ஒரு பாடத்தில் இதைச் செய்து பார்க்க அனுமதி கொடுங்கள். என் வகுப்பைத் தர நான் தயார். எந்த நாளிலும், முன்கூட்டிச் சொல்லாமலும் வரலாம். அன்றைய துண்டுத்தாள்களை நீங்களும் என்னோடு உட்கார்ந்து குவியலாகப் பிரிக்க வேண்டும், முடிந்தால் மறுநாளும் வர வேண்டும்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை